திங்கட்கிழமை வரைக்கும்

றக்வான பஜாரில் ஸாஹிராவின் தையல்கடையில் மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விஜயகலாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் தைத்த சாரிச் சட்டையை ஒரு தரம் போட்டவர்கள் வேறு கடையை எட்டிப் பார்க்கமாட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம். அளவு எடுக்கும்போதே, "என்னங்க, போன பொங்கலுக்கு இருந்த இடுப்பு எங்கங்க போச்சு?" என்று கேட்டு வந்தவளைச் சிரிக்க வைத்துவிடுவாள். கட்டியவன் கொழும்புக்கு வேலைக்கென்று போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட கதையைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "போனவன் போயிட்டான், மெசினையாவது விட்டுட்டுப் போனானே, புண்ணியவான்" என்பாள். அப்பேர்ப்பட்ட வாய் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பத்திரம் எழுதும் ஜஸீல் நொத்தாரிசின் கந்தோரில் அடைத்துப்போனது.

அதைச் சொல்லும் முன் அவளுடைய அப்பாவைச் சொல்ல வேண்டும்.

ஐயாவு தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்தவர். பிறந்தது தோட்டம் கொடுத்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில், கல்யாணம் கட்டியது லயத்துக் காம்பராவில், பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்ததும் அதே காம்பராவில். சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் அது தோட்டத்துச் சுவர். முற்றத்தில் ஒரு முருங்கை நட்டாலும் அது தோட்டத்து மண். இந்த எரிச்சலை அவர் ஆயுள் முழுக்க வயிற்றில் சுமந்துகொண்டு திரிந்தார். வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்த சேமலாபக் காசில் மற்றவர்கள் டீவி வாங்கினார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். ஐயாவு தோட்டத்து எல்லைக்குக் கீழே, பஸ் ரோட்டை ஒட்டி இருபது பேர்ச் காணி வாங்கினார். அதில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டினார். குடிபோன அன்று லயத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, "இனி எந்தத் தொரையும் என்னைய வெளிய போன்னு சொல்ல ஏலாது" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார். வந்தவர்கள் அவர் குடித்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவரைப் பாரிசவாதம் அடித்தது. ஒரு காலும் ஒரு கையும் இழுத்துக்கொண்டன. கரண்ட் கந்தோர், பிரதேச சபை, வங்கி என்று எங்கேயும் அவரால் படி ஏற முடியவில்லை. அப்போதுதான் ஜஸீல் நொத்தாரிசு ஓர் அட்டோர்னிப் பவர் எழுதிக் கொடுத்தார். ஐயாவு சார்பில் எல்லாக் காரியத்தையும் பார்க்கவும், எங்கேயும் கையெழுத்து வைக்கவும், தேவைப்பட்டால் காணியை விற்கவும்கூட விஜயகலாவுக்கு அதிகாரம். எழுதிய அன்றைக்கே நொத்தாரிசு, "இதோட காணியையும் மகளுக்கு நன்கொடையா எழுதிருவமா?" என்று கேட்டார். ஐயாவு கோணிய வாயால் சிரித்தார். "அதான் புள்ள பேரப் பதிஞ்சாச்சேங்க, பெறகு எதுக்கு இன்னொரு எழுத்து?"

இந்த இடத்தில்தான் அந்த மனிதர் சறுக்கினார். படித்தவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியாது. தோட்டத்தில் காம்பராவுக்கு உறுதியும் கிடையாது, பத்திரமும் கிடையாது. செக்ரோல் பேரேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவனுக்குக் காம்பரா. அப்பன் நின்றால் அப்பன் பேரை வெட்டி மகன் பேரைப் பதிவார்கள். பேர் மாறிய அந்த நிமிடமே காம்பராவும் மாறிவிடும். மூன்று தலைமுறையாக ஐயாவின் சனத்துக்குத் தெரிந்த சொத்துச் சட்டம் அது ஒன்றுதான். பவர் பத்திரத்தில் விஜயகலாவின் பேர் ஏறியதும் காணியும் அவளிடம் ஏறிவிட்டதாகத் தகப்பனும் மகளும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

இரண்டாவது தடவை அடித்தபோது இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. மூச்சு மட்டும் மேட்டில் ஏறும் லொறிபோல இழுத்துக்கொண்டிருந்தது. ஸாஹிராதான் விஜயகலாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "கலா, அந்தப் பவரைத் தூக்கிட்டுப் போய் ஜஸீல் நொத்தாரிசிட்ட ஒருக்கா காட்டிரு. எங்கட மாமா மௌத்தானதுக்குப் பொறகு நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

பக்கத்து லயத்து ஜெயம்மா ஐயாவுடன் ஒரே மலையில் வேலை செய்த கிழவி. அவளைக் கட்டில் பக்கத்தில் இருத்திவிட்டு விஜயகலா பஜாருக்கு ஓடினாள். ஜும்ஆ முடிந்து நொத்தாரிசு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவுக்கு ஏதும் ஆகிட்டாலும் இது இப்பிடியே இருக்கும்தானேங்க?" என்று கேட்டாள்.

ஜஸீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இல்ல மகள். இது அவருட மூச்சு இருக்கிற வரைக்கும்தான். அவரு போனா இதுவும் போகும். அதுக்குப் பொறகு இது வெறும் கடதாசி."

நொத்தாரிசு அவசரமாக, "அதுக்கேன் பயப்படுறீங்க? நீங்க ஒரே மகள்தானே. தானாவே ஒங்களுக்குத்தான் வரும். பொறப்பு அத்தாட்சி இருக்குதுதானே?" என்றார்.

அவள் வாய் அடைத்துப்போனது அப்போதுதான். அவளுடைய பிறப்பு அத்தாட்சியில் தகப்பன் பேர் ஐயாவு இல்லை. ஐயாவின் அண்ணன் பேர் இருந்தது.

அது எண்பதாம் வருடத்துக் கதை. இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று குடியுரிமை போட்டுத் தோட்டத்துச் சனத்தைப் பங்கு பிரித்த காலம். ஐயாவுக்கு இந்தியா விழுந்தது. கப்பலுக்கு எந்த மாதமும் கடிதம் வரலாம். அண்ணனுக்கு இலங்கை கிடைத்திருந்தது. கடிதத்தை எதிர்பார்த்திருந்த நேரத்தில்தான் பிள்ளை பிறந்து தாய் செத்தாள். தாயில்லாத பச்சைப் பிள்ளையைத் தெரியாத தேசத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஐயாவு என்ன செய்வார்? அண்ணன் பேரில் பதிந்தால் பிள்ளை இங்கேயே அண்ணன் குடும்பத்தோடு தங்கிவிடும். அப்படித்தான் பதிந்தார்கள். பிறகு நாட்டில் சண்டை வந்தது, கப்பல் நின்றது, ஐயாவு எங்கேயும் போகவில்லை. மகளைத் தோளில் போட்டு அவரே வளர்த்தார். பத்திரத்தைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. பெரியப்பா மகன் சந்திரபோஸ் சின்ன வயதில், "நீ எங்க வீட்டு அரிசிக் கூப்பன்லதான் சோறு திங்கிற, ஞாபகம் வச்சுக்க" என்று அவளைக் கிண்டல் செய்வான். அவ்வளவுதான் அந்த விசயத்தின் கனம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

கதையைக் கேட்டு முடித்த நொத்தாரிசு கண்ணாடியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"சட்டப்படி ஐயாவுக்குப் பிள்ளையே இல்ல. அண்ணன்ட பிள்ளைகளுக்குத்தான் காணி போகும். அந்தப் பிள்ளைகள்ல நீங்களும் ஒரு ஆள். சந்திரபோஸ் ஒண்டு, கொழும்புல இருக்கிற அவருட தங்கச்சி ஒண்டு, நீங்க ஒண்டு. மூணு பங்கு. வழக்குப் போடலாம், மகள்தான் எண்டு காட்டலாம். ஒங்கட பெரியப்பாவும் உசிரோட இல்ல. வருசக்கணக்கா இழுபடும்."

"இப்ப அப்பாகிட்ட கைநாட்டு வாங்கி என் பேருக்கு எழுதலாங்களா?"

"ஆளுக்குப் புத்தி தெளிவா இருக்கணும் மகள். நான் வாசிச்சுக் காட்டணும், அவரு விளங்கிக்கிட்டுச் சம்மதிக்கணும். அது இனி ஆகாது எண்டு நீங்களே சொல்றீங்க." அவர் பவரைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். "இதுல விக்கிற அதிகாரம் இருக்கு. ஒங்களுக்கு நீங்களே வித்துக்க ஏலாது. நம்பிக்கையான ஒரு ஆளுக்கு வித்து, பொறகு அந்த ஆள் ஒங்களுக்கு எழுதித் தரலாம். புத்தி இல்லாதவருட பவர் செல்லாது எண்டு நாளைக்கு யாராவது வழக்காடினா நான் பொறுப்பில்ல. ஆனா மூச்சு இருக்கணும். மூச்சு இல்லாத ஆளுட பவருல நான் கையெழுத்து வாங்கமாட்டன். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"இன்னைக்கே எழுதுங்கய்யா."

"காணிக் கந்தோர்ல இருந்து பதிவு நகல் எடுக்கணும். சனி ஞாயிறு பூட்டு. திங்கக்கிழமை காலைல என்ட பொடியன அனுப்பி எடுத்து, பகலைக்கு முன்ன முடிச்சிரலாம்."

வாங்கும் ஆளாக ஸாஹிரா நிற்கச் சம்மதித்தாள். அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆக, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை பகல் வரைக்கும் அப்பாவைச் சாகவிடக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்த எண்ணத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் சந்திரபோசின் த்ரீவீல் நின்றது. பெல்மதுளையிலிருந்து ஓடி வந்திருந்தான். சித்தப்பாவின் துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டுப் படுக்க வைத்திருந்தான். நல்ல மனிதன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "எங்க தங்கச்சி போன?" என்று கேட்டான். "கடையில சம்பளம் வாங்கிட்டு வந்தேண்ணே" என்றாள். பிறந்ததிலிருந்து அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

சனிக்கிழமை லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், பிளேன்ரீ குடித்தார்கள். ஐயாவு ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினார். தொண்டைக்குள் சளி கொதிக்கிற சத்தம் ரோடு வரை கேட்டது. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. அன்றிரவு போய்விடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள், அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெயம்மா விஜயகலாவைக் குசினிக்குள் இழுத்தாள்.

"புள்ள, ஒங்கப்பனுக்கு மண்ணாச. அதான் உசுரு போகமாட்டேங்குது. அவரு காணி மண்ணுல ஒரு சிட்டிக எடுத்துத் தண்ணில கரைச்சு, தெளிஞ்சதும் நாக்குல ஊத்து. நிம்மதியா போயிருவாரு. பெத்த புள்ள கையால ஊத்தணும்."

"லயத்துல யாருக்கு அத்தை அப்பிடி ஊத்துனீங்க?"

"லயத்துல யாருக்கு மண்ணு இருந்துச்சு ஊத்துறதுக்கு?" என்றாள் ஜெயம்மா. "அங்க சாகுறவங்களுக்குக் காச ஓரசி ஊத்துவோம், பால ஊத்துவோம். மண்ணுன்னு ஒன்னு வாங்குனது இந்த மனுசன் ஒருத்தர்தான். எங்கம்மா சொல்லிக் கேட்ருக்கேன், தப்பாது."

விஜயகலா முடியாது என்றாள். ஏன் என்று கேட்டாள் ஜெயம்மா. எதைச் சொல்வது? அடுத்த அறையில் சந்திரபோஸ் இருந்தான். "அப்பா பொழச்சுருவாரு" என்று மட்டும் சொன்னாள். கிழவி அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வெளியே போனாள். மகள் தகப்பன்மேல் வைத்திருக்கும் பாசத்தைப் பற்றி வாசலில் இரண்டு பெண்கள் பேசி மூக்கைச் சிந்தினார்கள். அதைக் கேட்டபோது விஜயகலாவுக்கு எங்கேயாவது ஓடிப்போய் விழலாம் போலிருந்தது.

அவள் அந்தச் சடங்கை நம்பினாளா என்று கேட்டால், கடையில் இருக்கும்போது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நம்பினாள். மண் தண்ணீர் உள்ளே போனால் மூச்சு போய்விடும், மூச்சு போனால் பவர் போய்விடும். நொத்தாரிசு சொன்னதும் ஜெயம்மா சொன்னதும் ஒரே சங்கிலியின் இரண்டு வளையமாக அவள் மண்டைக்குள் கோத்துக்கொண்டன. அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்தாள். சளியைத் துணியால் வழித்தெடுத்தாள். புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். ஒரு மகள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் செய்தாள். ஆனால் மகளாகச் செய்கிறாளா, பவர் வைத்திருப்பவளாகச் செய்கிறாளா என்பது அவளுக்கே பிடிபடவில்லை. அவர் முனகும்போது நெஞ்சு வலித்தது. முனகல் கொஞ்ச நேரம் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சந்திரபோஸ் ஒரு கோப்பையோடு உள்ளே வந்தான். தண்ணீர் கலங்கலாக இருந்தது.

"தங்கச்சி, நீ மனசு கேக்காம இருக்க, எனக்கு வெளங்குது. ஆனா இந்த மனுசன் படுற பாட்டப் பாரு. நானும் மகன் மொறதானே. நான் ஊத்திர்றேன்."

அவள் பாய்ந்து அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதித் தரையில் உருண்டது. "யாரும் எங்கப்பாவைத் தொடாதீங்க! திங்கக்கிழம வரைக்கும் யாரும் தொடக் கூடாது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சந்திரபோஸ் சட்டையில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டே, "திங்கக்கிழம என்ன?" என்று கேட்டான். ஜெயம்மாவும் கதவடியில் நின்று அவளையே பார்த்தாள்.

"திங்கக்கிழம... ஆஸ்பத்திரிக் கிளினிக்கு. பெரிய டாக்டர் வருவாரு" என்றாள். யாரும் அதை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வாசலில் பாசத்தைப் பற்றிப் பேசிய பெண்களின் பேச்சு மாறிப்போனது. இந்தப் பொம்பிளைக்கு வேறென்னவோ கணக்கு இருக்கிறது என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அது உண்மைதான், அதனால்தான் அப்படிச் சுட்டது.

எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்தாள்.

"அப்பா. நாளைக்குப் பகல் வரைக்கும் இருங்கப்பா. ஒரே ஒரு கையெழுத்து. இந்த எடம் நம்ம கையவிட்டுப் போயிரக் கூடாதுல்ல? ஒங்க எடம்ப்பா. நாளைக்கு வரைக்கும் மட்டும் இழுத்துப் புடிச்சுக்கங்க."

இத்தனை நாளும் எதற்கும் அசையாத மனிதர். அவருடைய நல்ல கை மெல்ல எழுந்து கட்டில் சட்டத்தைத் தேடியது. பிடித்தது. விரல் எலும்பு வெளுக்குமளவு இறுக்கிப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த மூச்சை அவர் வேண்டுமென்றே, வலித்து, உள்ளே இழுத்தார். அது உள்ளே போகும்போது எழுந்த சத்தத்தை மனிதக் காது கேட்கக் கூடாது. விட்டார். திரும்பவும் இழுத்தார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

விஜயகலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். அவள் சொன்னதற்காகத்தான் இப்போது இழுக்கிறார். ஆயுள் முழுக்கத் தொரை சொன்னதைக் கேட்டார், கங்காணி சொன்னதைக் கேட்டார், பனியிலும் மழையிலும் ஏறு என்ற மலையில் ஏறினார். சாகிற நேரத்தில் மகளும் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அதையும் முடியாது என்று சொல்லத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்.

"வேணாம்ப்பா," என்றாள். "வேணாம். விட்ருங்க. நான் சொன்னது தப்பு. கையை விடுங்க."

அவர் விடவில்லை. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிரித்த விரல் திரும்பவும் போய்ச் சட்டத்தைப் பிடித்தது. அடுத்த மூச்சுக்கு அவர் உடம்பே வில்லாய் வளைந்தது. அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். முற்றத்தில் நின்றவர்கள் விலகினார்கள். குசினிச் சுவரோரம் குனிந்து கையாலேயே மண்ணைப் பிராண்டினாள். நகத்துக்குள் ஏறி இரத்தம் வந்தது. கையில் கிடைத்த சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். தெளியும் வரைக்கும் நிற்க அவளால் முடியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சந்திரபோஸ் பின்னால் வந்து சித்தப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

"அப்பா, இது ஒங்க மண்ணுப்பா. குடிச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

மூன்று விரலால் அள்ளி அவர் நாக்கில் விட்டாள். கொஞ்சம் கடைவாயில் வழிந்தது. கொஞ்சம் உள்ளே இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியதை இரண்டு பேரும் பார்த்தார்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை தானாகவே தளர்ந்து அவள் மடியில் விழுந்தது. மூச்சு சின்னதாகி, இடைவெளி விட்டு விட்டு வந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நின்றுபோனது.

"நான் பாத்துக்கிறேன்" என்று சாகிறவருக்குச் சொல்லிவிட்டாள். எதைப் பார்த்துக்கொள்வது? அந்த நேரத்தில் அவள் பேரில் அந்த இருபது பேர்ச்சில் மூன்றிலொரு பங்குதான் இருந்தது. அதுவும் அவருடைய அண்ணன் மகளாக.

திங்கட்கிழமை காலையில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கொடி ரோட்டு வரைக்கும் போயிருந்தது. சந்திரபோஸ் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான். விஜயகலா அவனுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் கட்டிவிட்டது. ஃபோன் அடித்தது. ஜஸீல் நொத்தாரிசு.

"மகள், நகல் கெடச்சிரிச்சு. ஸாஹிராவும் வந்துட்டா. சுருக்கா வாங்க."

"அப்பா நேத்தே போயிட்டாருங்க," என்றாள். "பவரும் போயிருச்சு. நீங்க சிரமப்படாதீங்கய்யா."

அந்தப் பக்கத்தில் மெல்ல ஏதோ ஓதும் சத்தம் கேட்டது. பிறகு, "அல்லாஹ் ஒங்களுக்குப் பொறுமையத் தரட்டும் மகள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சந்திரபோஸ் கத்தியை நிறுத்தியிருந்தான். "யாரு தங்கச்சி? என்ன பவரு? நேத்து நீ திங்கக்கிழம திங்கக்கிழமன்னு கத்துனது இதுக்கா?"

ஆஸ்பத்திரிக் கடிதம் என்று சொல்லியிருக்கலாம். இன்சூரன்ஸ் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பான். அவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அவள் வாயைத் திறந்தாள். வந்தது பொய் இல்லை. பொய் சொல்லும் தெம்பை எல்லாம் அந்த மூன்று நாளிலேயே அவள் செலவழித்துவிட்டிருந்தாள். பிறப்பு அத்தாட்சி, கப்பல், நொத்தாரிசு சொன்னது, ஸாஹிரா பேருக்கு எழுத இருந்தது, கோப்பையைத் தட்டிவிட்டது எதற்காக என்பது வரை எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பெல்மதுளையில் வாடகை அறை ஒன்றில் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளுமாகக் கிடக்கிறவன். இந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறான், இதைச் சித்தப்பா வீடு என்று மட்டுமே பார்த்திருக்கிறான். இப்போது தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். வீட்டுக் கூரையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பேராசை இல்லை. அது இருந்திருந்தால் அவள் அவனைத் திட்டியிருக்கலாம், வெளியே போ என்று கத்தியிருக்கலாம். பிறந்ததிலிருந்து யாரும் ஒரு பிடி மண் தருவதாகச் சொல்லாத ஒருவனுடைய ஆச்சரியம்தான் அந்த முகத்தில் இருந்தது. அவளுடைய அப்பாவின் முகத்திலும் ஒரு காலத்தில் அதுதான் இருந்தது.

"அப்ப..." என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான், "அப்ப எனக்கும் இதுல பங்கு இருக்கா தங்கச்சி?"

உள்ளே ஜெயம்மா ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள். விஜயகலா நகத்துக்குள் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தாள்.

"இருக்குண்ணே," என்றாள்.